மார்ஷல் ஊரில் ஒரு சந்தை

வரப்புத் தகராறு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலக்காட்டுக்காரர் கீழக்காட்டுக்காரர் மீது வழக்குக் கொண்டுவருகிறார். ஊரிலே நியாயம் சொல்லும் பெரியவர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள். "இந்தப் பத்துப் பேரில் எவர் என் வழக்கைக் கேட்க வேண்டும் என்பதை நானே முடிவு செய்வேன், எதிரிக்கு அதிலே பேச்சே கிடையாது" என்கிறார் மேலக்காட்டுக்காரர். ஊர் ஒப்புமா? "நீ கை காட்டும் ஆளிடம் நியாயம் கேட்பதற்குப் பஞ்சாயத்து எதற்கு? தீர்ப்பையும் நீயே எழுதிக்கொண்டு போ!" என்று கிழவர்கள் கடிந்துகொள்வார்கள்; சிறுவர்களும் சிரிப்பார்கள்.

ஊர்க் கூட்டம் ஒப்பாத இந்த முறையை, உலகத்துக்கெல்லாம் சட்டத்தின் ஆட்சியைப் போதிக்கின்ற அமெரிக்க ஐக்கிய நாடு கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கட்டிக் காத்து வருகிறது. வரப்புத் தகராறிலே அன்று. கோடிக்கணக்கான டாலர்கள் புரளும் காப்புரிமைத் தகராறிலே! அந்தக் கதையை இந்த ஞாயிறு உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அமெரிக்கக் கம்பெனிகளின் குடுமிபிடிச் சண்டையிலே நமக்கென்ன அக்கறை என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் சட்டைப்பையிலே இருக்கும் கைப்பேசியின் விலையிலும் இந்தச் சண்டையின் செலவு ஏறியிருக்கிறது. அதைவிடப் பெரியது ஒன்றும் இதிலே அடங்கியிருக்கிறது. நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வழக்காடும் ஒரு தரப்பின் கைக்குப் போனால் நீதி என்னவாகும் என்ற கேள்வி அது.

பரிசும் பூதமும்

காப்புரிமை என்பது சமுதாயம் கண்டுபிடிப்பாளனுக்குத் தரும் பரிசு. "நீ கண்டதை மறைக்காமல் ஊரறியச் சொல், அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை அதன் பயன் உனக்கே உரியது" என்பதே ஒப்பந்தம். ஒப்பந்தம் நல்லதே. மூளையைக் கசக்கி உழைத்தவனுக்கு ஊதியம் கூடாது என்று சொல்லும் கூட்டம் அல்ல நாம்.

ஆனால் காப்புரிமை விற்கவும் வாங்கவும் கூடிய சொத்து. கண்டுபிடித்தவன் கையிலிருந்து அது வழக்குத் தொடுப்பதையே தொழிலாகக் கொண்ட கம்பெனியின் கைக்கு மாறிவிடலாம். அப்படிப்பட்ட கம்பெனிக்குத் தொழிற்சாலை கிடையாது, தொழிலாளி கிடையாது, விற்பதற்குச் சரக்கும் கிடையாது. இருப்பது ஒரு கட்டுக் காகிதம். அதைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு வக்கீல். பாலத்தடியிலே பதுங்கியிருந்து வழிப்போக்கரை மறித்து வரி கேட்கும் பூதம் ஒன்று மேனாட்டுக் கதைகளில் உண்டு. அந்தப் பூதத்தின் பெயரையே அமெரிக்க மக்கள் இந்தக் கம்பெனிகளுக்குச் சூட்டிவிட்டார்கள்.

பூதத்திற்குப் பாலம் வேண்டுமல்லவா? அந்தப் பாலம் எங்கே கட்டப்பட்டது, எவ்வாறு கட்டப்பட்டது என்பதைக் காண்போம்.

23,500 பேர் வாழும் ஊர்

டெக்சஸ் மாநிலத்தின் கிழக்குக் கோடியிலே, லூசியானா எல்லைக்கு அருகிலே, மார்ஷல் என்றோர் ஊர். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள் தொகை ஏறத்தாழ 23,500. கணிப்பொறி செய்யும் பெருந்தொழிற்சாலை அங்கே இல்லை. கைப்பேசி வடிக்கும் பொறியாளர் படை அங்கே இல்லை. அவையெல்லாம் இருக்கும் கலிபோர்னியா, ஆயிரம் மைலுக்கும் அப்பால் கிடக்கிறது.

அமெரிக்காவிலே கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்கள் 94 உள்ளன. 2015ஆம் ஆண்டில் அந்த 94 நீதிமன்றங்களிலும் தாக்கலான காப்புரிமை வழக்குகளை எண்ணிப் பார்த்தார்கள். நூற்றுக்கு 40க்கும் மேற்பட்டவை, அதாவது 2,500க்கும் அதிகமான வழக்குகள், மார்ஷலும் டைலரும் அடங்கிய கிழக்கு டெக்சஸ் நீதிமன்றம் ஒன்றிலே மட்டும் குவிந்திருந்தன! அவற்றுள்ளும் 1,600க்கும் மேற்பட்டவை ராட்னி கில்ஸ்ட்ராப் என்ற ஒரே நீதிபதியின் மேசைக்குச் சென்றன. அந்தப் பரந்த நாட்டிலே அவ்வாண்டு தொடுக்கப்பட்ட காப்புரிமை வழக்குகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் தனியொரு மனிதரின் மேசையிலே!

எப்படி நேர்ந்தது இது? காற்றடித்துக் குவிந்த சருகா? இல்லை, தோழர்களே. சட்டத்திலே விழுந்த ஓட்டையும், நீதிமன்றமே விரித்த கம்பளமும் சேர்ந்து செய்த வேலை இது.

முதலில் ஓட்டையைப் பார்ப்போம். 1897ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் இதற்கென ஒரு சட்டம் செய்திருந்தது. காப்புரிமையை மீறியவனை அவன் குடியிருக்கும் இடத்திலே வழக்குக்கு இழு; அல்லது மீறலும் நடந்து, நிலையான தொழிலிடமும் அவனுக்கு இருக்கின்ற ஊரிலே இழு என்பது அதன் சாரம். கம்பெனியின் குடியிருப்பு என்பது அது பதிவு செய்யப்பட்ட மாநிலமே என்று 1957இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தெளிவான சட்டம், தெளிவான தீர்ப்பு. ஆனால் வேறொரு பொதுச் சட்டத்திலே 1988இல் செய்யப்பட்ட சிறு திருத்தத்தைக் காட்டி, காப்புரிமை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990இல் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. ஒரு கம்பெனியின் சரக்கு எங்கெல்லாம் விற்கிறதோ, பெரும்பாலும் அங்கெல்லாம் அந்தக் கம்பெனி "குடியிருக்கிறது" என்றாகிவிட்டது!

கைப்பேசி விற்காத ஊர் எது? கணிப்பொறி நுழையாத தெரு எது? அன்று முதல் வாதிக்கு நாடு முழுவதும் திறந்த வாசல். அவன் விரும்பும் ஊரே வழக்குமன்றம்.

விரித்த கம்பளம்

94 வாசல் திறந்திருக்க, மார்ஷல் வாசலிலே மட்டும் கூட்டம் ஏன்? 1999இல் அங்கே நீதிபதியாக அமர்ந்த ஜான் வார்ட், 2001இல் காப்புரிமை வழக்குகளுக்கென்று தனி விதிகளை வகுத்தார். வழக்குகள் விரைந்து ஓடின. விரைவு நல்லதுதானே என்பீர்கள். அந்த விரைவு எவரை எப்படி ஓட்டியது என்பதைக் கவனியுங்கள்.

பிரதிவாதி தன் கையிலுள்ள ஆவணங்களை, எதிரி கேட்குமுன்பே, தொடக்கத்திலேயே அள்ளிக் கொடுக்க வேண்டும். காகிதக் கட்டு ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாத வாதிக்கு இதிலே செலவு அற்பம். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் பிரதிவாதிக்கோ இமாலயச் செலவு. "இந்த வழக்கிலே சாரமே இல்லை, ஜூரியிடம் போகுமுன்பே தள்ளுங்கள்" என்று மனுப் போடுவதற்கும் முன்கூட்டிக் கடிதம் எழுதி நீதிபதியின் இசைவைப் பெற வேண்டியிருந்தது. "இந்த ஊருக்கும் இந்த வழக்குக்கும் தொடர்பே இல்லை, வேறிடத்துக்கு மாற்றுங்கள்" என்று கேட்டாலும் எளிதில் கிடைக்காது. இப்படி மாற்ற மறுத்தது தவறு என்று 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே கிழக்கு டெக்சஸைத் திருத்த வேண்டி வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. அந்த மாவட்டத்திலே எந்த ஊர்ப் பிரிவில் வழக்கைத் தாக்கல் செய்கிறோமோ, அதைப் பொறுத்தே நீதிபதி அமைவார். மார்ஷலில் தாக்கல் செய்தால் இன்னாரிடம்தான் போகும் என்பது வாதிக்கு முன்பே தெரியும். ஊரைத் தேர்ந்தெடுத்தான் என்றால் ஆளையே தேர்ந்தெடுத்தான் என்பது பொருள்.

வாதி தனக்கு ஏற்ற நீதிமன்றத்தைத் தேடி அலைவது பழைய வழக்கம். கிளெர்மன், ரைலி என்னும் இரு அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் 2016இல் எழுதிய ஆய்வொன்றிலே இதன் மறுபக்கத்தைச் சுட்டினார்கள். மன்றத்தைத் தேடி வாதி அலைவது ஒன்று. வாதியைத் தேடி மன்றம் தன்னை விற்பது மற்றொன்று. மார்ஷலிலே நடந்தது இரண்டாவது என்பது அவர்கள் கண்ட முடிவு.

நான் இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நீதிபதி எவரும் கைநீட்டி வாங்கினார் என்பது நமது குற்றச்சாட்டு அன்று. அப்படிச் சொல்வதற்கு ஆதாரமும் இல்லை. நீதிபதிக்குக் காசு தேவையில்லை, தோழர்களே. கவனத்தைக் கவரும் பெரிய வழக்குகள் தம்மிடம் வர வேண்டும் என்ற ஆசை போதும். தம் ஊர் செழிக்க வேண்டும் என்ற பற்றுப் போதும். இலஞ்சமே இல்லாமல் தராசு சாய முடியும் என்பதுதான் இந்தக் கதையிலே நாம் அஞ்ச வேண்டிய பகுதி.

ஊரே திருவிழா!

ஊர் செழிக்கத்தான் செய்தது. வக்கீல் படை வந்து இறங்க, விடுதிகள் நிறைந்தன, உணவகங்கள் நிறைந்தன. வழக்குகளில் அடிக்கடி சிக்கிய தென் கொரியாவின் சாம்சங் கம்பெனி, நீதிமன்றத்துக்கு எதிரே தன் பெயர் பொறித்த பனிச்சறுக்குத் தளத்துக்குப் பணம் தந்தது. மார்ஷல், டைலர் மாணவர்களுக்கு உதவித்தொகையும் வழங்கியது. தொலைக்காட்சிப் பதிவுக் கருவி செய்யும் டிவோ கம்பெனி, அங்கே வழக்காடிய காலத்திலே, உள்ளூர்க் கால்நடைக் கண்காட்சியில் பரிசு பெற்ற எருதை விலைக்கு வாங்கியது! தொலைக்காட்சிக் கருவி செய்பவனுக்கு எருது எதற்கு? உழவா போகிறான்?

ஜூரியிலே உட்காரப் போகிறவர்கள் அந்த ஊர் மக்கள். சறுக்கி விளையாடுவது அவர்களுடைய குழந்தைகள். உதவித்தொகை பெறுவது அவர்களுடைய பிள்ளைகள். எருது வளர்த்தது அவர்களுடைய அண்டை வீட்டார். சட்டப்படி இதிலே குற்றம் எதுவும் இல்லை. ஆனால் பன்னாட்டுக் கம்பெனி ஒன்று, ஓர் ஊரின் மனத்தை இளக்குவதற்காக எருது வாங்கும் நிலை வந்ததென்றால், அங்கே தராசின் மீதான நம்பிக்கை செத்துவிட்டது என்று பொருள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2011இல் வானொலிச் செய்தியாளர்கள் மார்ஷலுக்குப் போனார்கள். வழக்குத் தொடுத்த கம்பெனிகளின் முகவரிகளைத் தேடி ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். நீண்ட நடைவழி; வரிசையாகக் கதவுகள்; கதவுகளிலே கம்பெனிப் பெயர்கள். உள்ளே ஆள் இல்லை! "நானும் இந்த ஊர்க்காரன்" என்று நீதிமன்றத்திலே சொல்லிக்கொள்வதற்காகவே பூட்டிக் கிடந்த அறைகள் அவை.

கூடையும் பூட்டும்

இதனால் அடிபட்டவர் யார்? இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன்.

இணையக் கடையிலே பொருளைத் தெரிந்தெடுத்துக் கூடையிலே போடுகிறோமே, அந்த மின்கூடை எங்கள் சொத்து என்று சொவரேன் என்ற கம்பெனி கிளம்பியது. 2005இல் அமேசான் 4 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. நியூஎக் என்ற கடைக்காரக் கம்பெனி மட்டும் மடங்க மறுத்தது. 2010இல் டைலர் நகரத்து ஜூரி, 25 இலட்சம் டாலர் கட்டு என்றது. நியூஎக் மேல்முறையீடு செய்தது. துறை அறிந்த எவனுக்கும் எளிதில் தோன்றக்கூடியதே இது, ஆகவே இந்தக் காப்புரிமைக் கோரிக்கைகள் செல்லா என்று 2013இல் தீர்ப்பு வந்தது. செல்லாத காகிதத்துக்கா 4 கோடி டாலர்? ஆம்! வாங்கியவன் வாங்கியதுதான்.

அதே நியூஎக் 2013 நவம்பரில் மார்ஷலிலே மற்றொரு வழக்கைச் சந்தித்தது. இணையத்திலே செய்தியைப் பூட்டி அனுப்பும் முறை தன்னுடையது என்று டி.க்யூ.பி. என்ற கம்பெனி நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை வழக்குக்கு இழுத்திருந்தது. பொதுத்திறவுகோல் மறையீட்டு முறையை உலகுக்கு அளித்த இருவருள் ஒருவரான விட்ஃபீல்ட் டிஃபி நேரில் வந்து நியூஎக்கின் பக்கம் சாட்சி சொன்னார். அப்படியும் ஜூரி 23 இலட்சம் டாலர் கட்டு என்றது.

நியாயமாகப் பேசுவோம். மார்ஷலின் தீர்ப்புகள் எல்லாமே பழுது என்று நாம் சொல்லவில்லை. நியூஎக்கிற்கு எதிரான அந்த ஜூரி முடிவை 2015இல் இரத்துச் செய்தவர் இதே நீதிபதி கில்ஸ்ட்ராப்தான். 2012இல் டைலர் நகரிலே, இணைய வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ சாட்சி சொல்ல, வலைத்தளங்கள் மீதே உரிமை கொண்டாடிய இயோலஸ் கம்பெனியின் கோரிக்கைகளை ஜூரி தூக்கி எறிந்ததும் உண்டு.

ஆனால் அந்த வெற்றிகளைப் பெற எத்தனை பேரால் முடியும்? காப்புரிமை வழக்கொன்றை இறுதிவரை நடத்துவதற்குப் பல இலட்சம் டாலர் வேண்டும். பூதம் கேட்பதோ அதைவிடக் குறைந்த தொகை. வென்றாலும் வக்கீல் செலவு பெரும்பாலும் திரும்பி வராது. பத்துப் பேரை வைத்துத் தொழில் செய்யும் சிறு கம்பெனிக்காரன் என்ன செய்வான்? தன் பக்கம் நியாயம் இருப்பதை நன்கறிந்தும், காசோலையிலே கையெழுத்துப் போடுவான். அவனுடைய வழக்கு எந்தத் தீர்ப்பு ஏட்டிலும் ஏறாது. எந்தப் புள்ளிவிவரத்திலும் அவனுடைய பெருமூச்சு பதியாது.

ஓட்டையை அடைத்தார்கள்; எலி வேறு வழி கண்டது

2017 மே 22 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், டி.சி. ஹார்ட்லண்ட் வழக்கிலே, வாக்களித்த எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உள்நாட்டுக் கம்பெனியின் குடியிருப்பு அது பதிவான மாநிலமே என்ற 1957ஆம் ஆண்டு நிலை மீண்டும் நிலைநாட்டப்பட்டது. 27 ஆண்டுக் கால ஓட்டை அடைபட்டது. மார்ஷலின் வழக்குக் குவியல் சரிந்தது. கம்பெனிகள் பதிவாகும் சிறு மாநிலமான டெலவேர் முதலிடத்துக்கு வந்தது. 2019 ஏப்ரலிலே ஆப்பிள் கம்பெனி, கிழக்கு டெக்சஸ் எல்லைக்குள் இருந்த தன் இரண்டு கடைகளையும் மூடிவிட்டு, எல்லைக்குச் சற்று வெளியே டாலஸ் நகரிலே புதுக் கடை திறந்தது. காரணத்தைக் கம்பெனி சொல்லவில்லை. காப்புரிமை வழக்குக்கு அஞ்சியே என்று பத்திரிகைகள் எழுதின.

சிக்கல் தீர்ந்தது என்று எண்ணினார்கள். தீரவில்லை! ஏன்? ஊர் பற்றிய விதியைத் திருத்தினார்களே ஒழிய, ஆளைத் தேர்ந்தெடுக்கும் வழியைத் திருத்தவில்லை.

மேற்கு டெக்சஸ் மாவட்டத்திலே வேகோ என்றோர் ஊர். அந்தப் பிரிவுக்கு நீதிபதி ஒருவரே. 2018இல் அங்கே அமர்ந்த ஆலன் ஆல்பிரைட், முன்பு காப்புரிமை வக்கீலாகத் தொழில் செய்தவர். காப்புரிமை வழக்குகளுக்கு வேகோ ஏற்ற இடம் என்று வக்கீல்களின் கூட்டங்களிலே அவரே பேசினார். விளைவு? காப்புரிமை வழக்கே அரிதாயிருந்த ஊரிலே, 2021இல் நாட்டின் காப்புரிமை வழக்குகளில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குவிந்தது! வழக்குகளை மாற்ற மறுத்ததற்காக மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு மீண்டும் மீண்டும் ஆணை அனுப்பியது. 2021 மார்ச்சிலே வேகோ ஜூரி, சரக்கேதும் செய்யாத வி.எல்.எஸ்.ஐ. என்ற கம்பெனிக்கு இன்டெல் கம்பெனி 218 கோடி டாலர் தர வேண்டும் என்றது. 2023 டிசம்பரிலே மேல்முறையீட்டில் அந்தத் தொகை முழுவதும் நீக்கப்பட்டது.

2021 நவம்பரில், எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த லேஹி, டில்லிஸ் என்னும் இரண்டு செனட்டர்கள் தலைமை நீதிபதி ராபர்ட்ஸுக்குக் கடிதம் எழுதினார்கள். அவ்வாண்டின் இறுதி அறிக்கையிலே ராபர்ட்ஸும் இதைக் குறிப்பிட்டார். 2022 ஜூலை 25 அன்று மேற்கு டெக்சஸின் தலைமை நீதிபதி ஒர்லாண்டோ கார்சியா ஓர் ஆணை பிறப்பித்தார். வேகோவிலே தாக்கலாகும் காப்புரிமை வழக்குகள் இனி 12 நீதிபதிகளிடையே குலுக்கல் முறையில் பங்கிடப்படும் என்பதே அந்த ஆணை.

அவ்வளவுதான்! புதுச் சட்டம் இல்லை. நாடாளுமன்ற விவாதம் இல்லை. சிற்றாணை ஒன்று. வேகோவின் கவர்ச்சி விரைவிலே குன்றியது. ஆள் இன்னார் என்று தெரியாதபோது, அந்த ஊர் மீதிருந்த காதலும் கரைந்துவிட்டது. இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வாக்குமூலம் வேறென்ன வேண்டும்?

ஆனால் குலுக்கல் அந்த மாவட்டத்தோடு நின்றது. வழக்குகள் எங்கே போயின? பழைய இடத்துக்கே! 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கிழக்கு டெக்சஸ் மீண்டும் முதலிடத்தைப் பிடித்தது. அந்த எல்லைக்குள் அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனிகளும், எந்த மாவட்டத்திலும் வழக்குக்கு இழுக்கக்கூடிய வெளிநாட்டுக் கம்பெனிகளும் அங்கே இன்னும் சிக்கும். 2023 ஏப்ரலில் நெட்லிஸ்ட் தொடுத்த வழக்கிலே, சாம்சங் 30 கோடி டாலருக்கு மேல் தர வேண்டும் என்று மார்ஷல் ஜூரி சொன்னது.

அழும் ஓநாய்கள்

இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பூதங்களைக் கண்டு புலம்பும் பெருங்கம்பெனிகள் பால் மணம் மாறாப் பச்சிளங்குழந்தைகள் அல்ல. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அது. ஆயிரமாயிரம் காப்புரிமைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, தமக்குத் தோதான இடத்திலே அவர்களும் வாளை வீசுகிறார்கள். ஆப்பிள் 2011இல் சாம்சங் மீது வழக்குத் தொடுத்தது எங்கே? தன் தலைமையகத்துக்குச் சில மைல் தொலைவிலுள்ள சான் ஹோசேயிலே! 2012 ஆகஸ்டில் அங்கிருந்த ஜூரி, 100 கோடி டாலருக்கும் மேல் கட்டு என்றது. சொந்த வீட்டு வாசலிலே பஞ்சாயத்து வைத்துக்கொண்டவர்கள், மார்ஷல் வாசலைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறார்கள்!

அமெரிக்காவோடு நிற்கவில்லை இந்த நோய். ஜெர்மனியிலே காப்புரிமை மீறப்பட்டதா என்பதை ஒரு நீதிமன்றமும், அந்தக் காப்புரிமை செல்லுமா என்பதை வேறொரு நீதிமன்றமும் விசாரிக்கின்றன. முன்னதன் தீர்ப்பு முந்திவிடும், சரக்கு முடங்கிவிடும். மான்ஹைம் நகரிலே மோட்டோரோலா தொடுத்த வழக்குக்கு அஞ்சி, 2012இல் மைக்ரோசாஃப்ட் தன் ஐரோப்பியப் பண்டகசாலையை ஜெர்மனியிலிருந்து நெதர்லாந்துக்கு மாற்றிக்கொண்டது.

நம் நாட்டுக்கும் இது வந்து சேர்ந்துவிட்டது. 2020இல் அமெரிக்காவின் இன்டர்டிஜிட்டல் கம்பெனி, சீனாவின் சியோமி மீது டெல்லி உயர் நீதிமன்றத்திலே கைப்பேசிக் காப்புரிமை வழக்குத் தொடுத்தது. சியோமியோ சீனாவின் வூகான் நீதிமன்றத்தை நாடியிருந்தது. "டெல்லியிலே வழக்கை நடத்தாதே" என்று வூகான் தடை போட்டது. "அந்தத் தடையை இங்கே வலியுறுத்தாதே" என்று டெல்லி எதிர்த்தடை போட்டது! தனக்கு ஏற்ற மன்றத்தைத் தேடி ஒவ்வொரு கம்பெனியும் ஓட, நாட்டுக்கு நாடு நீதிமன்றங்கள் மல்லுக்கு நிற்கும் காட்சி இது. நீதிமன்றங்களைக் கட்டிக் காக்கும் செலவு மக்களுடையது. மல்யுத்தத்தின் இலாபம் கம்பெனிகளுடையது.

மறுப்புரைகளுக்கு மறுமொழி

"காப்புரிமை வழக்குகள் நுட்பமானவை, அனுபவம் மிக்க நீதிபதியிடம் போவதே நல்லது" என்பார்கள். நன்று! அனுபவம் மிக்கவர்கள் பலரை உருவாக்குங்கள். அவர்களுக்கிடையே குலுக்கிப் போடுங்கள். மருத்துவமனையிலே தேர்ந்த மருத்துவர் வேண்டும் என்பது சரி. எதிரிக்கு எந்த மருத்துவர் அறுவை செய்வது என்பதை நானே சொல்வேன் என்பது சரியா? தேர்ச்சிதான் ஈர்ப்பு என்றால், அந்தத் தேர்ச்சி பிரதிவாதியை ஏன் ஈர்க்கவில்லை? ஒரு தரப்பு ஓடி வருகிறது. மறு தரப்பு ஓடிப்போகக் கடையையே மூடுகிறது. நடுநிலையான அறிவுக்கு இந்த வரவேற்பா கிடைக்கும்?

"ஏழைக் கண்டுபிடிப்பாளன் பெருங்கம்பெனியை எதிர்க்க வேறு வழி என்ன?" என்பார்கள். உண்மையான கேள்வி, மதிக்கிறேன். உழைத்துக் கண்டவன் வழக்காடும் உரிமைக்காக நாமும் குரல் கொடுப்போம். அவனுக்கு வேண்டியது செலவு குறைந்த, நேர்மையான, விரைந்த நீதி. அது எந்த ஊரிலும் கிடைக்க வேண்டும். பூட்டிய அறையின் கதவிலே பெயர்ப்பலகை தொங்கவிட்டவன் அந்த ஏழையின் பெயரைச் சொல்லிப் பிச்சை எடுக்கிறான், அவ்வளவே.

குடத்திலே போடுங்கள்

என்ன செய்ய வேண்டும்? வழக்குக்கும் ஊருக்கும் மெய்யான தொடர்பு இருக்க வேண்டும்; வாடகை அறை தொடர்பாகாது. வழக்கின் பின்னே பணம் போடுபவர் யார், காப்புரிமையின் மெய்யான உடைமையாளர் யார் என்பது வெளிப்பட வேண்டும். டெலவேரின் தலைமை நீதிபதி கனோலி 2022இல் தம் நீதிமன்றத்திலே இதை ஆணையாகவே போட்டார். ஆகவே முடியாது என்று எவரும் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் முதலாக, எந்த வழக்கு எந்த நீதிபதிக்கு என்பது குலுக்கலிலே தீர வேண்டும். ஒரு மாவட்டத்தில் மட்டும் போதாது. எல்லா மாவட்டங்களிலும் வேண்டும். ஒன்றிலே மட்டும் வேலி போட்டால் மாடு அடுத்த வயலிலே மேயும் என்பதை வேகோவும் மார்ஷலும் காட்டிவிட்டன.

தோழர்களே! குலுக்கல் என்றதும் நமக்கு நினைவு வர வேண்டியது எது? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தகன் காலத்திலே, உத்திரமேரூர்க் கல்லிலே வெட்டி வைத்தார்களே, குடவோலை முறை! தகுதியுடையோர் பெயர்களை ஓலையிலே எழுதிக் குடத்திலே இட்டார்கள். குலுக்கினார்கள். எந்த ஓலையிலே எவர் பெயர் என்பதை அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். அந்தச் சபையிலே எல்லா மக்களுக்கும் இடம் இருக்கவில்லை என்பதை நாம் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. ஆனால் பெரியவர்கள் கையை நம்பாமல் சிறுவன் கையை நம்பினார்களே, அந்த எச்சரிக்கையிலே ஓர் அறிவு இருக்கிறது.

நீதிபதிகள் கெட்டவர்கள் என்பதற்காக அல்ல. நல்லவர்களையும் கெடுக்கும் ஆசைக்கு வழி வைக்கக் கூடாது என்பதற்காகவே குடம் வேண்டும். எந்த நாட்டிலே, எந்தத் துறையிலே, எந்த வழக்கிலே என்றாலும், "இந்த நீதிபதியிடம் இது எப்படி வந்தது?" என்று நீங்கள் கேளுங்கள். தீர்ப்பைப் படிப்பதற்கு முன்பே கேளுங்கள். "குடத்திலிருந்து வந்தது" என்று விடை கிடைத்தால், தீர்ப்பு நமக்குப் பிடிக்காவிட்டாலும் தலைவணங்குவோம். "வாதி கை காட்டினான்" என்று விடை கிடைத்தால், அது எத்தனை அழகான மொழியிலே எழுதப்பட்டிருந்தாலும், சந்தையிலே வாங்கிய சரக்கு என்று சொல்வோம்.